மகள்கள் சிறியவர்களாக இருக்கும்போது அம்மா தையல் மெஷினில் உட்காரலாமா?

ஏழு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு மகள்கள். திருமணத்துக்கு முன் ஆசையாகக் கற்ற தையல். மூலையில் துணி போர்த்தி நிற்கும் மிதி மெஷின். உட்கார்ந்தால் இருவரும் வந்து மொய்க்கிறார்கள், இரவில் உடம்பு ஒத்துழைப்பதில்லை, ‘கடையில் இதைவிட மலிவாகவே கிடைக்கிறதே’ என்கிறார் மாமியார். பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு தைப்பதா, அவர்கள் வளரும்வரை காத்திருப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது நேரத்தைப் பற்றிய கேள்வி. ஆனால் மகள்களுக்கு ஃபிராக் தைக்கலாம், அவர்களுக்கும் கற்றுக்கொடுக்கலாம், பணமும் மிச்சமாகும் என்று மூன்று காரணங்கள் சொல்லியிருக்கிறீர்களே, அந்த மூன்றிலும் நீங்கள் இல்லை. வீட்டில் யாருக்கும் பயன்படாத ஒன்றுக்காக நேரம் எடுத்துக்கொள்ள எனக்கு இடம் உண்டா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

தையலில் லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைத் தேர்வுகளையும் முடித்து, நீண்ட காலமாக வீட்டிலேயே வகுப்பு எடுத்துவருகிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகளின் தாய்மார்கள். பலர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே வருவார்கள். அதனால் துணி, ஊசி, மெஷின் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகளின் மனதைப் பற்றிச் சொல்வது அவர்களோடு பழகிக் கவனித்தது. உங்கள் மகள்கள் வேறு மாதிரி இருந்தால் அவர்களை நம்புங்கள், என்னை அல்ல.

முதலில் உங்கள் மாமியார் சொல்வது சரி. நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு சாதாரண ஃபிராக் தைக்க, 36 அங்குல அகலத் துணியில் ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் வேண்டும். சுற்று அதிகமானால் இன்னும் கூடும். அதோடு லைனிங், ஜிப், நூல். ஒரே வெட்டில் நூற்றுக்கணக்கான துண்டுகளை வெட்டித் தைக்கும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையோடு விலையில் போட்டிபோட வீட்டு மெஷினால் முடியாது. மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்லி ஆரம்பித்தால், ஒவ்வொரு முறை துணி வாங்கும்போதும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வாதத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

வீட்டுத் தையல் ஜெயிக்கும் இடம் வேறு. பெண் குழந்தைகள் இந்த வயதில் ஆண்டுக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் காலில்தான். ஆகவே பாவாடை நீளம் ஆண்டுக்கு ஒன்றரை அங்குலம் வரை போதாமல் போகும். இடுப்பு அந்த அளவுக்கு மாறுவதில்லை. அம்மாக்கள் பட்டுப் பாவாடையில் டக் பிடித்து, அதாவது துணியை மடித்துத் தைத்து, வைத்ததன் கணக்கு இதுதான். முக்கால் அங்குல டக் ஒன்று ஒன்றரை அங்குலத் துணியை உள்ளே வைத்திருக்கும்; பிரித்துவிட்டால் ஓர் ஆண்டு தாங்கும். இரண்டு டக் வைத்தால் மூன்று தீபாவளிக்கு ஒரே பாவாடை. ஆனால் டக்கை வெளியே தெரியும்படி நடுவில் வைக்காதீர்கள். துவைத்து வெளுத்த துணிக்கு நடுவே, மறைந்திருந்த பட்டை மட்டும் புதுநிறத்தோடு கோடாகத் தெரியும். கரைக்குச் சற்று மேலே உள்பக்கமாக வைக்கலாம். அதைவிட நல்லது, பாவாடையின் மேல் பகுதியில் பருத்தித் துணியில் பாடி, அதாவது தோளில் மாட்டும் உள்சட்டை போன்ற பகுதி, வைத்துத் தைத்து, அந்தப் பாடியில் நீளத்தை ஒளித்து வைப்பது. நாடா இறுக்கி இடுப்பில் தடம் பதிவதும் இருக்காது. நான்கு வயதுக் குழந்தைக்குப் பாடி வைத்த பாவாடைதான் வசதி, நழுவவே நழுவாது.

ஆடை என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தைச் சுற்றி முடிச்சிடும் கயிறு சிறு குழந்தைகளின் உடையில் வேண்டாம். சறுக்குமரத்திலோ வாகனக் கதவிலோ மாட்டி இழுக்கும் ஆபத்து உண்டு. ஐரோப்பாவில் குழந்தை உடைகளின் கயிறுகளுக்கென்றே தனித் தரவிதி வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு நெட் துணி ஃபிராக் அழகாகத்தான் இருக்கும்; ஆனால் நைலானும் பாலியஸ்டரும் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி உருகாது, ஆனால் அதுவும் எரியும். ஆகவே ‘காட்டன் போட்டிருக்கிறாள்’ என்று தைரியமாகவும் இருந்துவிடக் கூடாது. பட்டாசு வெடிக்கும் நேரத்தில் தரையைக் கூட்டும் பாவாடையைவிட முழங்காலோடு நிற்கும், உடம்போடு ஒட்டிய பருத்தி உடை மேல்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மகள்களுக்குத் தைப்பது, மகள்களோடு தைப்பது, உங்களுக்காகத் தைப்பது மூன்றும் வெவ்வேறு. என் வகுப்புக்கு வரும் தாய்மார்கள் பலரும் இந்த மூன்றையும் ஒரே மாலை நேரத்துக்குள் திணிக்கப் பார்த்துத்தான் சலித்துப்போகிறார்கள். பண்டிகைக்குள் இரண்டு பாவாடை முடிக்க வேண்டும் என்பது பொழுதுபோக்கு அல்ல, அது வேலை. அன்பினால் செய்கிற வேலைதான், இருந்தாலும் கெடு வைத்த வேலை. பக்கத்தில் பிள்ளைகளை உட்கார்த்திக் கற்றுக்கொடுப்பது குழந்தை வளர்ப்பு. இவை இரண்டும் போக, யாருக்கும் தேவையில்லாத ஒன்றை, இந்த வண்ணத்துக்கு இந்த வண்ணம் சேருமா என்று பார்ப்பதற்காக மட்டும் தைக்கிறீர்களே, அதுதான் உங்கள் பொழுதுபோக்கு. மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். மூன்றாவதற்குப் பிள்ளைகள் வளரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அதைப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் செய்யப் பார்க்காதீர்கள்.

இதற்கு ஒரு நடைமுறை வழி உண்டு. தையலின் ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு குறுக்கீட்டைத் தாங்கும் என்று பாருங்கள். அளவெடுத்துக் குறிப்பதும் வெட்டுவதும் சிறிதும் தாங்காது. ‘அம்மா, இங்கே பார்’ என்ற ஒரு குரலில் முன்பக்கத் துண்டு அரை அங்குலம் குறைந்துவிடும், வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியாது. கழுத்து, ஜிப், கை பொருத்துவது ஆகியவையும் அப்படித்தான். நேர்த் தையல்கள் ஓரளவு தாங்கும். ஒரு தையல் முடிந்ததும் எழுந்து போகலாம், திரும்பி வரும்போது விட்ட இடம் தெரியும். கையால் ஹெம்மிங் செய்வது, ஹூக் வைப்பது, காஜா எடுப்பது, பிரிப்பது எல்லாம் எத்தனை முறை கலைந்தாலும் கெடாது. ஆகவே வெட்டும் வேலைகளை வாரத்தில் ஒரு நாள், வீட்டில் பிள்ளைகள் இல்லாத இரண்டு மணி நேரத்துக்கு ஒதுக்குங்கள். இரண்டு மூன்று உடைக்கானதை ஒரே மூச்சில் வெட்டி, உடைக்கு ஒரு பையாக, நூலும் ஜிப்பும் சேர்த்துப் போட்டு வைத்துவிடுங்கள். நேர்த் தையல் பகலில் கிடைக்கிற கால் மணி நேரங்களுக்கு. ஊசி வேலை மாலையில் அவர்களோடு உட்காரும்போது. இரவு பத்து மணிக்கு மேல் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள்; தூக்கக் கலக்கத்தில் வெட்டிய ரவிக்கைத் துண்டுகள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன.

மகள்களோடு தைப்பதை மெஷினில் ஆரம்பிக்க வேண்டாம், ஊசியில் ஆரம்பியுங்கள். ஏழு வயதுக்காரிக்கு மேட்டி துணியும் முனை மழுங்கிய பெரிய ஊசியும் போதும். மேட்டி துணியில் நெசவே கட்டம் கட்டமாக இருப்பதால் ஊசி எங்கே இறங்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். முதலில் ஓட்டுத் தையல், பிறகு பின்தையல், சங்கிலித் தையல். நூலைத் தோளிலிருந்து விரல் நுனிவரை உள்ள நீளத்துக்கு மேல் வெட்டிக் கொடுக்காதீர்கள். நீளமான நூல் சிக்கும், சிக்கினால் அழுகை. நீங்கள் இருவரும் வலக்கைக்காரர்கள் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுங்கள். அவள் இடக்கைக்காரி என்றால் எதிரே உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே செய்வாள். இடக்கைக் கத்தரிக்கோல் கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்கிக் கொடுங்கள். வலக்கைக் கத்தரிக்கோலால் வெட்ட முடியாமல் திணறும் இடக்கைக் குழந்தையைத்தான் ‘கைவேலை வராதவள்’ என்று பல வீடுகளில் முத்திரை குத்திவிடுகிறார்கள்.

நான்கு வயதுக்காரிக்கு ஊசி இப்போதைக்கு வேண்டாம். பட்டன்களை நிறம் பிரிப்பது, வெட்டுத்துணிகளை அட்டையில் ஒட்டுவது, துளையிட்ட அட்டையில் ஷூ கயிறு கோர்ப்பது அவளுக்குப் பிடிக்கும். எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருந்தால் பட்டன் டப்பாவையும் தள்ளி வையுங்கள். இருவருக்கும் பொதுவான ஒரு வேலை, அடிநூல் ஏற்றும் சிறு உருளையான பாபினைச் சுற்றுவது. மிதி மெஷினில் கைச்சக்கரத்தின் நடுவிலிருக்கும் திருகைத் தளர்த்திவிட்டால் ஊசி அசையாது, பாபின் மட்டும் சுற்றும். நீங்கள் மிதிக்க, அவர்கள் நூல் ஏறுவதைப் பார்க்கலாம். பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே விரல் போகும் இடத்தை மட்டும் கவனியுங்கள், அது மிதி மெஷினில் ஆபத்தான இடம். மோட்டார் வைத்த மெஷின் என்றால், எழுந்து போகும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். தரையில் கிடக்கும் பெடல் நான்கு வயதுக் கண்ணுக்கு விளையாட்டுச் சாமான். குண்டூசிகளை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள், எழுமுன் ஒரு காந்தத்தைத் தரையில் ஓட்டுங்கள். பெரியவள் எப்போது மெஷினில் உட்காரலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். கால் தரையில் நன்றாக ஊன்றி, மிதியை நிறுத்தச் சொன்ன கணத்தில் நிறுத்த முடிந்தால் உட்காரலாம். என் அனுபவத்தில் அது எட்டு, ஒன்பது வயதில் வருகிறது. சிலருக்குப் பத்தும் ஆகும். இதில் விதி என்று ஒன்று கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அவள் கோணலாகப் போட்ட தையலை, அவள் தூங்கியபின் பிரித்து நேராகப் போட்டு வைக்காதீர்கள். மறுநாள் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் போனால் இன்னும் மோசம், தன் கையை நம்பக் கற்றுக்கொள்ளவே மாட்டாள். ஒவ்வொரு தையலுக்கும் ஸ்டிக்கர், சாக்லேட் என்று பரிசு வைப்பதையும் நான் விரும்புவதில்லை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஒரு நர்சரிப் பள்ளியில் செய்து 1973இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புகழ்பெற்றது. வண்ணப் பேனாக்களால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொல்லி, வரையவைத்து, சான்றிதழும் கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், மற்றவர்களைவிட அவர்கள் அந்தப் பேனாக்களை நாடுவது குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. இதை எல்லாப் பரிசுக்கும் பொதுவிதியாக்கலாமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் நெடுங்காலமாகச் சண்டை நடக்கிறது. ஆசையே இல்லாத வேலைக்குப் பரிசு உதவவும் செய்யலாம். ஆனால் ஆசையோடு உங்கள் பக்கத்தில் வந்து உட்காரும் குழந்தைக்குக் கூலி பேச வேண்டியதில்லை என்ற அளவுக்கு இது எனக்குப் போதுமான சான்று. கைப்பேசியில் படம் பிடித்து உடனே உறவினர் குழுவில் போடுவதையும் பரிசுக் கணக்கில்தான் நான் சேர்ப்பேன்.

‘பெண் பிள்ளைகள் இதெல்லாம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். நம் ஊர்க் கடைத்தெருக்களில் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். கூலி கிடைக்கும்போது அது ஆண்களுக்கும் தொழில், கூலி இல்லாதபோது பெண்ணுக்குக் குணமாம். இருவரில் ஒருத்திக்கு இதில் ஆர்வமே வராமல் போகலாம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. அவளைப் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரையவோ சும்மா இருக்கவோ விடுங்கள். பேச்சு நடக்கும், அது போதும்.

நேரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு, நாலு மணிக்கு எழுந்துகொள்ளுங்கள் என்று பலர் உங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. உங்கள் கணக்கில் அது ஏற்கெனவே குறைகிறது. உங்கள் தூக்கத்திலிருந்து திருடித்தான் உங்கள் பொழுதுபோக்குக்கு நேரம் கொடுக்க முடியும் என்றால், அந்த வீட்டில் வேலைப் பங்கீடு சரியில்லை. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலை செய்த பெண்கள் அதற்குச் செலவிட்டது சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இது அந்த வேலையைச் செய்தவர்களின் சராசரி மட்டும். பெண்களில் 81 விழுக்காட்டினர் அதைச் செய்தார்கள், ஆண்களில் 26 விழுக்காட்டினர்தான். உங்களுக்குத் தேவையான இரண்டு மணி நேரம் எங்கே கிடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி வேண்டாம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் பிள்ளைகளைக் கணவர் வெளியே அழைத்துப்போகட்டும். ‘வெளியே’ என்பது முக்கியம். பக்கத்து அறையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் கால் மணி நேரத்தில் சின்னவள் உங்கள் மேசைக்கடியில் இருப்பாள். பூங்கா, பாட்டி வீடு, காய்கறிச் சந்தை, எங்கேயாவது போகட்டும். எப்போதாவது ஒரு நாள் செய்யும் உதவியாக அல்லாமல், ஒவ்வொரு வாரமும் அவருடைய பொறுப்பாக இருக்க வேண்டும். அவர் ஊரில் இல்லாத வாரத்துக்கு மாற்று ஏற்பாடு செய்வதும் அவர் வேலைதான். மாமியாரிடம் என்ன சொல்வது என்று கேட்டால், உள்ளதையே சொல்லுங்கள்: ‘மிச்சம் பிடிக்க இல்லை அத்தை, எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் தைக்கிறேன்.’ முதல் சில வாரம் முகம் சுளிப்பார். அவருடைய பழைய புடவை ஒன்றில் தலையணை உறை தைத்துக் கொடுத்தால் சமாதானம் ஆகலாம், ஆகாமலும் போகலாம். அதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது.

உங்கள் கேள்வியின் கடைசியில் ஒரு வரி என்னை நிறுத்தியது: ‘நேரம் கிடைத்தாலும் இப்போதெல்லாம் தைக்கத் தோன்றுவதில்லை.’ அது வெறும் அசதியாக இருக்கலாம். இரண்டு வாரம் நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் வகை. ஆனால் முன்பு பிடித்த எதிலும் ஆர்வமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, மனம் கனத்து, அது இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் நீடிக்கிறது என்றால் அது தையல் ஆசிரியை பதில் சொல்லும் விஷயம் அல்ல. மருத்துவரைப் பாருங்கள், போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் கட்டணமின்றிப் பேசலாம்.

மெஷினைப் பற்றி. பல ஆண்டுகள் சும்மா நின்ற மெஷினில் உடனே துணியை வைக்காதீர்கள். ஊசித் தகட்டைக் கழற்றி, பாபின் கேஸ் பக்கம் சேர்ந்திருக்கும் பஞ்சைத் தூரிகையால் எடுத்துவிட்டு, எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசினாகி மெஷினை இறுக்கிவிடும். தோல் பெல்ட் காய்ந்து விறைத்திருந்தால் மாற்றுங்கள். பழைய ஊசியை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்: மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16. தையல் விட்டு விட்டு விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஊசியைத்தான். அடியில் நூல் கூடு கட்டினால் பாபினைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகளுக்கு இடையே சரியாக உட்கார்ந்திருக்காது. அழுத்தும் பாதத்தைத் தூக்கிவிட்டு மறுபடி நூல் கோருங்கள், சரியாகிவிடும். நூல் இல்லாமல் பழைய வேட்டித் துணியில் சற்று நேரம் ஓட்டிப் பாருங்கள், கால் பழைய தாளத்துக்கு வந்துவிடும். சக்கரம் உங்களை நோக்கிச் சுற்ற வேண்டும், பின்னோக்கிப் போனால் நூல் அறும்.

முதலில் தைப்பது ஃபிராக்காக இருக்க வேண்டாம். உங்களுக்கென்று ஒரு பை தையுங்கள், உள்ளே வேறு வண்ண லைனிங் வைத்து. அளவு தவறினாலும் யாருக்கும் இறுக்காது, எந்தப் பண்டிகைக்கும் முடிக்க வேண்டியதில்லை. பருத்தித் துணி வாங்கினால் வெட்டுமுன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுங்கள். முதல் சலவையிலேயே மீட்டருக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் சுருங்கும் துணிகள் உண்டு.